படங்களை இணைத்துக் கனவுலகம் படைக்கும் ஒளிப்படக் கலை முழுநேரத் தொழிலாகுமா?

ஆகும். ஆனால் வருமானம் ஒரே வழியில் வருவது அரிது.

இப்படிப் படங்களை இணைத்த ஒளிப்படக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மனைப் பாருங்கள். 1934இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். கணினியில் படங்களை இணைக்க உதவும் ஃபோட்டோஷாப் மென்பொருள் வெளிவந்ததோ 1990இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் பல என்லார்ஜர் கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவை (படச்சுருளில் பதிந்த மூலப்படத்தை) வைத்து, ஒளியுணரும் ஒரே தாளை அடுத்தடுத்து அவற்றின் கீழ் நகர்த்தி ஒளிகாட்டுவார். வேண்டாத பகுதியில் ஒளி விழாமல் மறைப்பார். ஆகாயத்தில் மிதக்கும் மரமும் வேர்விட்ட வீடும் அப்படிப் பிறந்தவைதான். எத்தனை பொறுமை! 1967இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அப்போதும் அவர் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆசிரியர்; 1960 முதல் அங்கே கற்பித்தார். விற்குமா என்ற கவலையின்றிச் சோதனை செய்யும் சுதந்திரத்தை அந்தச் சம்பளமே தந்தது என்பது என் எண்ணம்.

இன்றும் ஏறத்தாழ அதே நிலைதான். எண்ணிட்டுக் கையெழுத்திட்ட அச்சுப் பிரதிகள், புத்தக அட்டைக்கான உரிமம், விளம்பரப் பணி, பயிற்சி வகுப்புகள் எனப் பல வழிகள் சேர்ந்தே வருமானமாகின்றன. கலைக்கூடம் வழியாக விற்றால் விலையில் பாதிவரைகூட அந்தக் கலைக்கூடத்துக்குப் போகலாம். விலை வைக்கும்போதே அதைக் கணக்கிடுங்கள்.

மென்பொருளைவிடப் படமெடுப்பதில் கூடுதல் அக்கறை காட்டுங்கள். ஒளி வரும் திசையும் கேமராவின் உயரமும் பொருந்தாத துண்டுகளை எந்தக் கருவியாலும் இயல்பாக ஒட்டவைப்பது கடினம். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் யோஹான்சன் தாமே எடுத்த படங்களைத்தான் இணைக்கிறார். அப்படிச் செய்தால் பிறர் எடுத்த படங்களைப் பயன்படுத்துவதால் வரும் பதிப்புரிமைச் சிக்கலும் எழாது.