குட்டிக் கடல் தொட்டி: வாங்கும் முன், வாங்கிய பின்

கடல் மீன் தொட்டி பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாலும் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: சின்னத் தொட்டி, குறைந்த கருவிகள், பவளம் பல வருடம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டிய வரிகளையும் சேர்த்துத்தான்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டி வைக்க ஆசை. ஸ்கிம்மர், சத்துத் திரவத்தை அளந்து விடும் டோசிங் பம்ப், போனில் இயங்கும் கன்ட்ரோலர் எல்லாம் இல்லாமல் பவளம் வளராது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: வளரும். உயிருள்ள பாறை, கடல் நீர், வெயில், காற்றுக் குமிழி, இவ்வளவை வைத்துக்கொண்டு பவளம் வளர்த்த கதையை ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-லேயே எழுதிவிட்டார். பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாதான் அங்கே வடிகட்டி. இன்றும் அதேதான். மற்றதெல்லாம் அதற்கு உதவியாட்கள்.

ஸ்கிம்மர் கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் 60 லிட்டர் தொட்டியில் வாரம் 6 லிட்டர் தண்ணீரை மாற்றினால் கழிவும் குறையும், பவளம் எடுத்துக்கொண்ட கால்சியமும் ஓரளவு திரும்ப வரும். ஒரு வாளி, ஒரு குழாய் போதும். இதற்கு நிபந்தனை உண்டு. மீன் ஒன்றிரண்டுதான், அதுவும் சிறியவை. பவளத்திலும் காளான் பவளம், தோல் பவளம், ஜோவாந்தஸ் மாதிரி சாதுக்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அக்ரோபோரா போல வேகமாகக் கல் கட்டும் இனங்களை நிறைய வைத்தால் வாளி தாங்காது. அப்போது கடைக்காரர் பட்டியலுக்கு அர்த்தம் உண்டு.

பணத்தை நல்ல விளக்கு, உப்பின் அளவு காட்டும் நல்ல ரிஃப்ராக்டோமீட்டர், குழாய்த் தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டி, இந்த மூன்றில் போடுங்கள். 60 லிட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். சின்னது சுலபம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தண்ணீர் குறையக் குறைய ஒரு சின்னப் பிசகும் பெரிய அடியாக விழும்.

கேள்வி: சனிக்கிழமை தொட்டி, பாறை, உப்பு, ஏழு மீன் எல்லாம் வாங்கி அன்று மாலையே ஓடவிட்டேன். செவ்வாய்க்குள் ஐந்து மீன் செத்துவிட்டன. நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புகார் கொடுக்கலாமா?

பதில்: மீன்கள் உங்கள்மேல் கொடுக்காத வரைக்கும் கொடுக்கலாம். அவற்றைக் கொன்றது பெரும்பாலும் அமோனியாதான். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மறுபடி பூஜ்யம் காட்டுகிற வரை தொட்டியில் மீன் கூடாது. ஒரே நாளில் ஏழு மீனை விற்ற கடைக்காரரும் யோக்கியர் இல்லை. அந்தக் கடைக்கு இனிப் போகாதீர்கள். மிச்சமிருக்கும் இரண்டு மீனை ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி உள்ள யாரிடமாவது இன்றே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: உப்பளவு பார்க்கும் என் ஊசி ஹைட்ரோமீட்டர் ஒப்படர்த்தி 1.025 என்று காட்டுகிறது. அதே தண்ணீரைக் கடையில் பார்த்தால் 1.030. யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ஊசி ஹைட்ரோமீட்டரில் ஊசியின் அடியில் குண்டூசித் தலை அளவு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். கடைக்காரர் தம் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார் என்று அவருக்கே நினைவிருக்காது.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கூடவே, அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவம் ஒரு சிறு பாட்டில். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நான் மலிவாக வாங்கிய ஒன்று காய்ச்சி வடித்த நீரில் அழகாகப் பூஜ்யம் காட்டும், 35 திரவத்தில் 36-க்கும் மேல் காட்டும். வெறும் உப்புக் கரைசலுக்காகச் செய்த மீட்டரையும் கடல் நீர் மீட்டர் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள். என்னுடையது இப்போது மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அளவு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 40 லிட்டர் தொட்டியில் தினம் 1 லிட்டர் ஆவியானால், நாலு நாள் கவனிக்காமல் விட்டதும் 35 பிபிடி 39-ஐ நெருங்கிவிடும். அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தால் நீங்கள் இதுவரை ஊற்றியது உப்புத் தண்ணீர் என்று தெரிகிறது.

கேள்வி: சமையல் உப்பைக் கரைத்தால் போதாதா? உப்பு உப்புதானே?

பதில்: போதாது. அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் இல்லை.

கேள்வி: ஐப்டேசியா என்ற களை அனிமோன் பெருகிவிட்டது. அதைத் தின்னும் என்று பெப்பர்மின்ட் இறால் இரண்டு வாங்கினேன். களை அப்படியே இருக்கிறது, என் ஜோவாந்தஸ்தான் தினம் குறைகிறது. கேட்டால், "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார்கள்.

பதில்: உங்கள் தண்ணீரில் ஒரு குறையும் தெரியவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது விற்றவருக்கே அடையாளம் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒட்டக இறால். முதுகில் திமில், துருத்திய பெரிய கண், சிவப்பு உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும். தலைக்கு முன்னால் நீட்டியிருக்கும் கொம்பு கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசையும். பெப்பர்மின்ட் இறாலின் உடல் பாதி ஊடுருவித் தெரியும், அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் இருக்கும், கொம்பு அசையாது. ஒட்டக இறாலுக்கு மென்பவளமும் ஜோவாந்தஸும் விருந்து.

விற்ற பொருள் வேறு, சொன்ன பெயர் வேறு என்றால் அது நேரடியான ஏமாற்று. ரசீதில் பெப்பர்மின்ட் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். இருந்தால், பக்கவாட்டுப் படத்தோடு எழுத்தில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இறால்களைப் பவளமில்லாத தொட்டிக்கு மாற்றுங்கள். அவை செய்த குற்றம் ஒன்றுமில்லை.

கேள்வி: பவளத்துக்கு ஊட்டம், அயோடின், ஸ்ட்ரான்ஷியம், வண்ணம் கூட்டும் திரவம், பாஸ்பேட் நீக்கி என்று என்னிடம் பதினொரு பாட்டில் இருக்கிறது. எந்த வரிசையில் ஊற்ற வேண்டும்?

பதில்: அலமாரியில், உயரவாரியாக.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் முன்பக்கம் ஜொலிக்கும் பவளப் படம் இருக்கும். பின்பக்கம், 100 லிட்டருக்கு 5 மில்லி என்று இருக்கும். அந்த 5 மில்லியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் பல பாட்டில்களில் இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன என்று அச்சிடுகிறார்கள்.

வியாபாரம் எப்படி நடக்கிறது பாருங்கள். முதல் பாட்டில் பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் சுத்தமாகத் துடைக்கும். இரண்டும் பூஜ்யமான தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற கோழைப் படலம் தலையெடுக்க வழி கிடைக்கும். அதை அழிக்க இரண்டாவது பாட்டில். அது போட்டதில் பவளம் வாடினால் ஊட்டத்துக்கு மூன்றாவது. மூன்றையும் விற்பது ஒரே நிறுவனமாகவே இருக்கலாம். பவளத்துக்குக் கொஞ்சம் நைட்ரேட்டும் கொஞ்சம் பாஸ்பேட்டும் வேண்டும். பூஜ்யம் என்பது இலக்கே இல்லை.

நானும் காசு விட்டவன்தான். பழுப்புப் படலத்தைப் போக்கும் திரவம் ஒன்று வாங்கி ஊற்றினேன், படலம் போயிற்று. புதுத் தொட்டியில் டயாட்டம் என்ற பழுப்புப் பாசி வருவதும், தண்ணீரிலுள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே போவதும் வழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. தானாகப் போகிறதைக் காசு கொடுத்து அனுப்பி வைத்திருக்கிறேன்.

அளக்க முடியாததை ஊற்றாதீர்கள். அல்கலினிட்டி (காரத்தன்மை) 8 முதல் 9 டிகேஹெச் (அதன் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இந்த மூன்றுக்கும் சோதனைக் கிட் உண்டு. வார வாரம் தண்ணீர் மாற்றியும் எது இறங்குகிறதோ அதை மட்டும், மெதுவாக ஏற்றுங்கள். அயோடினும் ஸ்ட்ரான்ஷியமும் நீங்கள் கரைக்கும் நல்ல கடல் உப்பிலேயே இருக்கின்றன, அதற்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வி: பழைய தொட்டி ஒன்று, பாறை மணல் எல்லாவற்றோடும் வாங்கினேன். "மருந்தே போட்டதில்லை" என்று விற்றவர் சத்தியம் செய்தார். நான் விட்ட நத்தைகள் இரண்டே நாளில் செத்தன, மீன் மட்டும் நன்றாக இருக்கிறது.

பதில்: மீன் பிழைத்து நத்தை சாகிறது என்றால் முதல் சந்தேகம் தாமிரம். மீன் நோய்க்குத் தாமிர மருந்து போடுவார்கள். மீன் தாங்கும் அளவிலேயே நத்தை, இறால், பவளம் செத்துவிடும். முதலில் தாமிர டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். இருந்தால் பாறையும் மணலும் அதைக் குடித்து வைத்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். அவற்றை இந்தத் தொட்டிக்கு மறந்துவிடுங்கள். வெறும் கண்ணாடித் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிச் சில நாள் விட்டு, மறுபடி சோதித்த பிறகு பயன்படுத்தலாம்.

இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. கேட்டிருக்கிறீர்கள், அவர் பொய் சொல்லியிருக்கிறார். பழைய தொட்டி வாங்கப் போகும் மற்றவர்களுக்கு: மருந்து போட்டீர்களா என்று கேட்பதை விட, ஓடுகிற தொட்டியில் உயிருள்ள நத்தையோ இறாலோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கேள்வி: ஹீட்டர் அணையாமல் நின்று தொட்டி வெந்துவிட்டது. நிறுவனம் புது ஹீட்டர் தருகிறது, செத்த பவளத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது.

பதில்: வருத்தமாக இருக்கிறது. உத்தரவாதம் ஹீட்டருக்கு மட்டும் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். இருந்தாலும் பழுதான ஹீட்டரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. வெப்பமானியின் படம், ரசீது, செத்தவற்றின் பட்டியல் சேர்த்து எழுத்தில் இழப்பீடு கேளுங்கள்.

அவர்கள் தரும் புது ஹீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஓடும் நிலையிலேயே ஒட்டிக்கொள்வது அபூர்வமில்லை. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டியை வேகவைக்கும் பலம் அதற்கு இருக்காது, ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். மேலே ஒரு தனி வெப்பக் கட்டுப்படுத்தி இருந்தால் இன்னும் நல்லது. கன்ட்ரோலர் வேண்டாம் என்று முதல் பதிலில் சொன்னவன் இதைச் சொல்கிறேன், இது வேறு.

கேள்வி: ஜோவாந்தஸ் பாறை முழுக்கப் பரவிவிட்டது. பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சில ஜோவாந்தஸ் இனங்களிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பாறையைத் தண்ணீருக்குள்ளேயே பைக்குள் எடுத்து அப்புறப்படுத்துங்கள். விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லாத கடைகளை என்ன சொல்வது.

கேள்வி: மூன்று வருடம் ஓஹோவென்று இருந்த தொட்டி. இப்போது பவளம் விரிவதில்லை. எந்தக் கருவி வாங்கிச் சேர்க்க?

பதில்: ஒன்றும் வேண்டாம். இருப்பதைப் பாருங்கள். ஆர்ஓ-டிஐ தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டுகிறதா? காட்டாவிட்டால் வடிகட்டியின் கடைசிக் கட்டத்திலுள்ள டிஐ ரெசின் தீர்ந்துவிட்டது. டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதி என்ன? விளக்கில் உப்புப் படிந்திருக்கிறதா? பம்ப்பைக் கழற்றி வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து எத்தனை காலம் ஆயிற்று? சுண்ணாம்புப் பாசி ஏறிய பம்ப் ஓடுவதுபோல் சத்தம் போடும், தண்ணீர் நகராது. கண்ணாடி துடைக்கும் காந்தத்தை எடுத்துப் பாருங்கள், உறை வெடித்து உள்ளே துருப்பிடித்திருந்தால் அதுவே போதும் தொல்லைக்கு. அப்புறம், பவளமே வளர்ந்து நீரோட்டத்தை மறித்திருக்கலாம். கொஞ்சம் வெட்டித் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

நீங்கள் முழுத் தொகுப்பாக வாங்கிய தொட்டி என்றால் ஒரு எச்சரிக்கை. எனக்கு வாய்த்த அப்படியொரு தொகுப்பின் விளக்கு அதன் மூடிக்குள்ளேயே பொருத்தியது. விளக்கு போனபோது அந்த மாடலே நின்றுபோயிருந்தது, வேறெதுவும் அந்த மூடியில் உட்காரவில்லை. உதிரிபாகம் தனியாகக் கிடைக்காத தொட்டியை வாங்காதீர்கள்.

கேள்வி: புளூ டேங் மீன் குட்டி பார்த்தேன், விரல் நீளம்தான். இப்போதைக்கு 40 லிட்டரில் விட்டு, பெரிதானதும் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அது 30 சென்டிமீட்டர் வரை வளரும். பெரிய தொட்டியை முதலில் வாங்கி எனக்குப் படம் அனுப்புங்கள், மீனைப் பற்றி அப்புறம் பேசலாம்.