மூக்கோரம் உதிரும் முடி: பூஞ்சையா, சொறியா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள் இருக்கின்றன. சின்னதற்கு நான்கு மாதம். அதற்கு மூக்கின் மேலும் கண்ணைச் சுற்றியும் முடி கொட்டி, வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. பெரியதோ இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறது, தோள்பட்டையில் புண்ணாகிவிட்டது. வீட்டில் இருந்த படர்தாமரைக் களிம்பை இரண்டுக்கும் ஒரு வாரம் தடவினேன். குறையவில்லை. இப்போது என் மகனின் முன்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பி, பொடி எழுத்தில் என்னென்ன மருந்து போட்டிருக்கிறது என்று படியுங்கள். க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மட்டும் என்றால் பெரிய தீங்கில்லை. கூடவே பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்று ஏதாவது ஸ்டீராய்டு இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு சிவப்பைத் தணித்து அரிப்பை அடக்கும். பார்ப்பதற்கு ஆறிவருவதுபோல் இருக்கும். உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவிக்கொண்டிருக்கும். போதாததற்கு, தடவியதில் பாதியை இந்தப் பிராணி நக்கியே வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் ஒரு நோய் அல்ல, இரண்டு இருக்கக்கூடும். முடி எங்கே முதலில் கொட்டியது, எவ்வளவு அரிக்கிறது என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சின்னதற்கு இருப்பது பெரும்பாலும் படர்தாமரை. கினிப்பன்றிகளில் இது பொதுவாக முகத்தில்தான் தொடங்கும்: மூக்கு, கண்ணோரம், காது, பிறகு முதுகு. இளம் குட்டிகளும், இடம் மாறி வந்தவையும், கூட்டமாக அடைக்கப்பட்டவையும் எளிதில் இதற்கு ஆளாகும். அரிப்பு குறைவு, செதில் அதிகம். பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சைதான் காரணம். இருட்டறையில் புற ஊதா விளக்கடித்துப் பார்த்து, “ஒளிரவில்லை, பூஞ்சை இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ட்ரைக்கோஃபைட்டான் அந்த விளக்கில் ஒளிராது. பிரிக்காத புதிய பல்துலக்கும் தூரிகையால் செதிலையும் முடியையும் வாரியெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. முடிவு வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெரியதன் கதை வேறு. தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, தோளிலும் முதுகிலும் புண் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சொறிநோய். ட்ரிக்ஸாகாரஸ் கேவியே என்ற நுண்ணுண்ணி தோலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் சில சமயம் அகப்படாது. இந்த நோய் முற்றிய ஒரு கினிப்பன்றியின் முதுகை லேசாகத் தொட்டுப் பாருங்கள்: உடலை வில்லாக வளைத்து, பின்னங்காலால் காற்றையே சொறியும். சிலவற்றுக்கு வலிப்பே வந்துவிடும். அப்படி நேர்ந்தால் அதிகம் தொடாமல், துண்டில் சுற்றி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பூஞ்சைக் களிம்பு இந்த உண்ணியை ஒன்றும் செய்யாது. உங்கள் ஒரு வார உழைப்பு வீணானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி, அல்லது பிடரியில் சொட்டாக விடும் செலாமெக்டின் தருவோம். முட்டைகளை மருந்து கொல்லாது. அவை பொரிந்து வருவதைப் பிடிக்க வேண்டுமானால் ஐவர்மெக்டினை ஒன்று, இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவையாவது தர வேண்டும். இதை வீட்டில் அளந்து கொடுக்க முயலவே வேண்டாம். கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 800 கிராம் எடையுள்ள பிராணிக்கு 0.4 வீதம் கணக்கிட்டால் 0.32 மில்லிகிராம். மாடுகளுக்குப் போடும் 1 சதவீத மருந்தில் அது 0.032 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. கை சற்று நடுங்கினால் இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடும்.

படர்தாமரை இரண்டொரு இடத்தில் மட்டும் என்றால் ஸ்டீராய்டு கலக்காத களிம்பை மெல்லியதாகத் தடவி, காயும்வரை மடியில் வைத்திருந்தால் போதும். பரவிவிட்டால் வாய்வழி இட்ரகோனசோல் அல்லது டெர்பினாஃபின் தேவைப்படும். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: முடி முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதமே மூக்கோரம் மீண்டும் வெளுக்கிறது. சினையாக இருக்க வாய்ப்புள்ள பெண் கினிப்பன்றிக்கு க்ரைசியோஃபல்வின் என்ற பூஞ்சை மருந்து கூடாது, குட்டிகள் ஊனமாகும். தேயிலை மர எண்ணெயும் வேண்டாம், நஞ்சு.

தோள்புண்ணில் சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஆனால் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், க்ளிண்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை இந்தப் பிராணிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, சில நாளில் உயிரே போகலாம். நாய்க்கு மீந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டையும் தனித்தனியே பிரிக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இத்தனை நாள் ஒன்றாகப் படுத்தவை இரண்டுக்கும் தொற்று போய்ச் சேர்ந்திருக்கும். பிரித்தால் ஏக்கம்தான் மிஞ்சும். சேர்த்தே வைத்து, இரண்டுக்கும் சிகிச்சை செய்யுங்கள். கூண்டில் இருக்கும் மரப்பலகை, மரவீடு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சை வித்துகள் அதன் துளைகளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் தட்டை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். படுக்கை ஈரமாக இருந்தால் எந்த மருந்தும் நிற்காது.

முடி போனதெல்லாம் நோயும் அல்ல. காதுக்குப் பின்னால் உள்ள வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் பிறவியிலேயே உண்டு. வயதான பெண் கினிப்பன்றிக்கு இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் சூலக நீர்க்கட்டியைச் சந்தேகிப்போம். இவற்றின் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது; அது குறைந்தாலும் ரோமம் சொரசொரத்து, புண் ஆற நாளாகும். குடிநீரில் கலப்பதால் பயனில்லை, சீக்கிரம் சிதைந்துவிடும். தினமும் வாயில் கொடுங்கள்.

சிகிச்சை நடக்கும் வாரங்களில் சமையல் தராசில் இரண்டையும் தினமும் நிறுத்துக் குறித்துவையுங்கள். இட்ரகோனசோல் சிலவற்றுக்குப் பசியைக் குறைக்கும். அரை நாள் புல்லைத் தொடவில்லை என்றால், தோலை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

படர்தாமரை இவற்றிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், அதனால் மகனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் கினிப்பன்றி வளர்க்கிறோம், அதற்கும் முடி கொட்டுகிறது என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கத் தோன்றாமல் போகலாம். தடிப்பு மறையும்வரை அவன் அவற்றை மடியில் தூக்கிவைக்க வேண்டாம். மருந்து போடும்போது நீங்கள் கையுறை அணியுங்கள்.