கால் வீங்கியிருக்கிறது, ஆனால் சில்லிட்டும் இருக்கிறது: கட்டுப் போடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருந்து சாப்பிடுகிறார். வலது காலில் ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கிறது. சில வாரங்களாக இரண்டு பாதங்களும் வீங்குகின்றன. வலது பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறது. இரவில் வலி பொறுக்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் தூங்குகிறார். வீட்டில் நான்தான் அவரைக் கவனித்துக்கொள்கிறேன். வீக்கம் வடிய எலாஸ்டிக் கட்டுப் போடலாமா? வெந்நீர்ப் பை வைக்கலாமா? காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். இப்போதைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

உங்கள் தந்தையின் காலில் இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கின்றன. இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு வெளியேற்றாதபோது, சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கிக்கொள்கின்றன. அந்த நீர்தான் கணுக்காலில் இறங்கி வீக்கமாகத் தெரிகிறது. வலது காலிலோ தமனி குறுகியிருப்பதால் பாதத்துக்குப் போக வேண்டிய ரத்தமே போதவில்லை. சாதாரண வீக்கத்துக்குக் கட்டுப் போடுவதும் காலை உயர்த்துவதும் நல்லதுதான். ஆனால் ரத்தம் குறைவாக வரும் காலை இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்சமும் தடைபட்டுத் தோல் அழுகத் தொடங்கலாம். உயர்த்தினால் வலி கூடும். வெந்நீர்ப் பையும் ஆபத்து. ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்த பாதத்தில் சூடு உறைக்காது, வெந்தபிறகுதான் தெரியும். பருத்திக் காலுறையும் போர்வையும் போதும்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த இரவு வலிதான். காலைத் தொங்கவிட்டால் ரத்தம் சற்று எளிதாக இறங்குகிறது, வலி தணிகிறது. அதை அவரே கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் படுத்து ஓய்வெடுக்கும்போதே வலிக்கிறது என்றால் அடைப்பு முற்றிவிட்டது என்று பொருள். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல், ஓரிரு நாட்களுக்குள் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய பரிசோதனை இருக்கிறது. அந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனாலே தமனி குறுகியிருக்கிறது என்று கொள்வோம். கட்டுப் போடலாமா என்பதை அந்தப் பரிசோதனைக்குப் பிறகு அந்த நிபுணர் முடிவுசெய்யட்டும்.

அதுவரை கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கால்களை மட்டமாக வைத்துப் படுக்கச் செய்யுங்கள். மூச்சுக்கும் நல்லது, வலது காலுக்கும் நல்லது. இரவு முழுவதும் தொங்கவிட்டே தூங்கினால் அந்தப் பாதத்தில் வீக்கம் மேலும் ஏறும்.

இனி வீக்கத்தைப் பற்றி. காலைப் பார்த்து வீக்கத்தைக் கணக்கிடாதீர்கள், எடை பார்க்கும் இயந்திரத்தை நம்புங்கள். ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ கூடும். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், கெட்டியான தரையில் இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று நாட்களில் 2 கிலோவுக்குமேல் கூடினால், அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றினாலும், இதய மருத்துவரை அன்றே அழையுங்கள். முன்பு ஒரு தலையணையில் தூங்கியவர் இப்போது மூன்று கேட்கிறாரா என்பதையும் அதே நோட்டில் குறியுங்கள். எத்தனையோ மருத்துவர்களுக்கு அந்த நோட்டு ஸ்கேனைவிட உதவியிருக்கிறது.

சமையலில் சேர்ப்பது, பொட்டலத் தின்பண்டங்களில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குமேல் போகக் கூடாது. அது ஒரு தேக்கரண்டி. கடையில் கிடைக்கும் 'குறைந்த சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சில இதய மருந்துகளோடு அது ஆபத்தாகலாம் என்பதால் கேட்காமல் வாங்க வேண்டாம். கால்வலிக்கு நீங்களாக ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை நீரைத் தேக்கி இதய நோயை மோசமாக்கும். நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் கொடுத்தால் இரவில் அடிக்கடி எழுந்து தடுமாறி விழமாட்டார். குடிக்கும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். இதில் மட்டும் நான் சமாதானம் சொல்லமாட்டேன்.

பாதத்தைத் தினமும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம். வெதுவெதுப்பான நீரில் கழுவுமுன் உங்கள் முழங்கையை நனைத்துச் சூட்டைச் சோதியுங்கள். பிறகு விரல்களுக்கு இடையே ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். காய்ப்பை பிளேடால் சீவ வேண்டாம். படுக்கையில் குதிகால் அழுந்திக்கொண்டே இருந்தால் புண் வரும், ஆகவே கெண்டைக்காலின் கீழே மெல்லிய துணி மடிப்பை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு கீறலோ கருமையோ தென்பட்டால் காத்திருக்காதீர்கள்.

கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனாலோ அசைக்க முடியாமல் போனாலோ ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். அப்போது சில மணிநேரம்தான் நம் கையில் இருக்கும். நெஞ்சுவலி, படுக்க முடியாத மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுக்கும் இதேதான். கிளம்பும்போது மருந்துச் சீட்டுகளையும் எடை நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.