முகம் இல்லாத ஓவியம்

கேள்வி: திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளும் அத்தையும் உறங்கிய பின் என் உடலையே வரைகிறேன். சிசேரியன் தழும்பும் அதில் உண்டு. கணவருக்கும் தெரியாது. உறவினர் கண்டுகொள்வார்கள் என்று முகத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். இது கோழைத்தனமா? இவை எந்த ஊர் ஓவியங்கள் என்றும் எனக்கே விளங்கவில்லை.
– வாசகி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, கோழைத்தனம் என்ற சொல்லை முதலில் விலக்கிவிடுங்கள். ஒரே அறையில் அத்தனை பேர் உறங்க, விழித்திருந்து வரைபவரை அப்படி அழைக்க எனக்கு மனம் வராது.

உங்களைப் போலவே தம் உடலையே கலையாக்கிய கலைஞர் அனா மெண்டியேட்டா 1948இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்து, 1961இல் 12 வயதில் பெற்றோரைப் பிரிந்து அக்காளுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அயோவா மாநிலத்தின் விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் வளர்ந்தவர். மாணவியாக இருந்த 1972இல், நண்பர் ஒருவரின் தாடி மயிரைத் தம் முகத்தில் ஒட்டிக்கொண்டு, ஆண் முகம் எது, பெண் முகம் எது என்று பார்ப்பவரையே திகைக்க வைத்தார். 1973 முதல் 1980 வரை மெக்சிகோவிலும் அயோவாவிலும் சேற்றிலும் மணலிலும் புல்லிலும் தம் உடலின் வடிவத்தைப் பதித்த ‘சிலுவேட்டா’ (நிழலுரு) வரிசையில் பெரும்பாலும் முகமே இல்லை. மழையும் அலையும் அவற்றைக் கொண்டுபோக, நிழற்படங்களும் படச்சுருள்களுமே எஞ்சின. காலையில் இட்ட கோலம் மதியத்துக்குள் மிதிபட்டு மறைவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது அந்நியமாக இராது.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் முகத்தை விட்டது, பிறந்த மண்ணை இழந்த உடலை மறுபடி மண்ணோடு சேர்ப்பதற்காக என்றே நான் கருதுகிறேன். நீங்கள் விடுவது உறவினருக்கு அஞ்சி. ஆகவே ஒரே ஓர் ஓவியத்தையாவது, எவருக்கும் காட்டப் போவதில்லை என்ற உறுதியோடு முகத்துடன் வரைந்து பாருங்கள். அதன் பிறகும் முகம் வேண்டாம் என்று உங்கள் கை முடிவு செய்தால், அது உங்கள் கலையின் முடிவு.

ஊரைப் பற்றிய கவலை எனக்கு இல்லை. மெண்டியேட்டா 1980இல் கியூபாவுக்குத் திரும்பிச் சென்றார். மறு ஆண்டு அங்கே ஹருக்கோவின் சுண்ணாம்புப் பாறைகளில் பெண்ணுருவங்களைச் செதுக்கினார். பிறகு நியூயார்க்குக்கே திரும்பினார். கியூபா, அமெரிக்கா இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை.

என்றாவது இவற்றைக் கண்காட்சியில் வைக்க எண்ணினால், அதற்கு முன் கணவரிடம் காட்டுங்கள். அனுமதி கேட்பதற்காக அன்று. வேறொருவர் வாயால் அவர் அறியக் கூடாது என்பதற்காக. தழும்புள்ள ஓவியத்தையே முதலில் காட்டுங்கள். அந்தத் தழும்பின் கதை அவருக்கும் தெரியும்.