ஹேட்ரியன் சுவர் பத்திக் கேளுங்க

கே: இது இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைச் சுவர்தானே சார்?

ப: இல்லை. முழுக்க இங்கிலாந்துக்குள்ளதான் இருக்கு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-ல இதைக் கட்ட ஆரம்பிச்சப்போ ரெண்டு நாடுமே கிடையாது.

கே: நீளம் எவ்வளவு? அடிமைகள் கட்டினதா?

ப: சுமார் 117 கிலோமீட்டர். கட்டினது மூணு லீஜியன் (ரோமப் பெரும்படைப் பிரிவு) படைவீரர்கள். எந்தப் பிரிவு எந்தத் துண்டைக் கட்டுச்சுன்னு கல்லுலயே வெட்டி வெச்சிருக்காங்க. மேற்குப் பகுதி முதல்ல வெறும் புல்மண் கட்டி அடுக்கினதுதான். போறவங்க தயவுசெஞ்சு சுவர் மேல ஏறாதீங்க.

கே: படையெடுப்பைத் தடுக்கத்தானே கட்டினாங்க?

ப: ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு குட்டிக் கோட்டை, அதுல வடக்குப் பார்த்து வாசல். யாரும் வரக்கூடாதுன்னா எண்பது வாசல் எதுக்கு? போறவன் வர்றவனை நிறுத்தி விசாரிக்கிற சாவடின்னுதான் நான் சொல்லுவேன்.

கே: (அவரேதான்) அப்போ நியூகாசில் பக்கம் சுவருக்கும் அகழிக்கும் நடுவுல குழிக்குழியா தோண்டி, கூர்சீவின கட்டைகளை நட்ட தடம் கிடைச்சிருக்கே? சாவடிக்கு முள்வேலி எதுக்கு?

ப: மடக்கிட்டீங்க. சாவடி மட்டும்தான்னு நான் சொன்னது அதிகப்படி. ராத்திரியில கொள்ளையடிக்க வர்ற கும்பலுக்கு அந்தக் குழிகள் நல்ல தடை. ஆனா பெரும்படை வந்தா ரோமர்கள் சுவருக்குப் பின்னால பதுங்க மாட்டாங்க. வெளியே போய் வெட்டவெளியில மோதுறதுதான் அவங்க வழக்கம். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: ஸ்காட்லாந்து எல்லை...

ப: முதல் பதில்.

கே: அங்கே இருந்தவங்க எல்லாம் இத்தாலிக்காரங்களா?

ப: சிரியாவில திரட்டின வில்லாளிப் படையே அங்கே இருந்திருக்கு. சுவரோட கிழக்குக் கோடிப் பக்கம் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்ல ஒரு கல்லறைக் கல். சிரியாவோட பால்மைராக்காரர் பராத்தெஸ், தன் மனைவி ரெஜினாவுக்கு நட்டது. அவ தென் பிரிட்டன் பொண்ணு, அவர்கிட்ட அடிமையா இருந்து விடுதலையானவ. லத்தீன் வரிகள் தட்டுத்தடுமாறி இருக்கும். அடியில அவரோட தாய்மொழியில ஒரே வரி, அழகா ஓடுது: "ரெஜினா, பராத்தெஸ் விடுவித்தவள், ஐயோ."

கே: சுவர் பக்கத்து ரோமக் கோட்டை வின்டோலண்டாவுல கிடைச்ச மரத்தகட்டுக் கடிதங்கள் சுவர்க் காவலர்கள் எழுதினதா?

ப: பெரும்பாலும் சுவருக்கு முந்தினது, கி.பி. 100 வாக்கில. அதுல ஒரு கணக்கு: மிளகு, 2 தினாரியஸ் (ரோம வெள்ளிக்காசு). முசிறி மாதிரி மேற்குக்கரைத் துறைகள்ல கப்பலேறின சரக்கு, அந்தக் குளிர்ல ஒரு சிப்பாய் வாங்கியிருக்கான்.

கே: சுவர்ல பாதி எங்கே போச்சு?

ப: ஊர்க்காரங்க வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் கல்லு எடுத்தாங்க. 1745-ல ஸ்காட்லாந்துல கிளம்பின ஜாகோபைட் கிளர்ச்சிக்கு அப்புறம் படைச்சாலை போட, சுவரையே இடிச்சு அடியில பரப்பிட்டாங்க.

கே: மேல நின்னு போட்டோ எடுக்கலாமா?

ப: ஏறாதீங்கன்னு மேலேயே சொல்லியிருக்கேன்.

கே: சார், ஸ்காட்லாந்துல நின்னு பாத்தா சுவர் தெரியுமா?

ப: கிழக்குக் கோடியில எல்லைக்கும் சுவருக்கும் நடுவுல நூறு கிலோமீட்டர் இங்கிலாந்து இருக்கு. நீங்களே சொல்லுங்க.