எலும்புத் தூள் போட்டால்தான் இம்ப்ளான்ட் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 44, பள்ளி ஆசிரியை. இரண்டு மாதத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல்லின் வேர் பிளந்துவிட்டது. பல்லை எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்கிறார்கள். ஒரு மருத்துவர் எலும்புத் தூளும் போட வேண்டும், அதற்குத் தனிச் செலவு என்கிறார். இன்னொருவர் தேவையில்லை என்கிறார். தூள் போடாவிட்டால் இம்ப்ளான்ட் ஆடிவிடுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தூள் போடாததால் ஆடிவிடாது டீச்சர், அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். வைத்த அன்று கிடைக்கிற பிடிமானத்துக்கும் தூளுக்கும் சம்பந்தம் இல்லை.

பந்தல்கால் ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குழி அகலமாக இருந்தாலும், நுனி கெட்டி மண்ணுக்குள் இறங்கிவிட்டால் கால் நிற்கும். சுற்றிலும் தள்ளுகிற உதிரி மண் அன்றைக்கு எதையும் தாங்காது. பல் குழியும் அப்படித்தான். இம்ப்ளான்ட் என்று நாங்கள் வைக்கும் டைட்டானியம் திருகு உங்கள் பல் வேரைவிட ஒல்லி. அதை வேர்நுனி இருந்த இடத்தையும் தாண்டி 3, 4 மில்லிமீட்டர் உங்கள் சொந்த எலும்புக்குள், சற்று அண்ணப் பக்கமாக இறக்குகிறோம். பிடி அங்கேதான். கடைசிச் சுற்றுகளில் திருகு இறுகுவது கைக்கே தெரியும். எவ்வளவு இறுகியது என்று கருவியிலும் எண் காட்டும். 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்தால் அன்றே தற்காலிகப் பல் மாட்ட யோசிப்பேன். வராவிட்டால் மூடிபோட்டு, மூன்று மாதம் போல் காத்திருப்பேன். எவ்வளவு தூள் போட்டாலும் அந்த எண் ஏறாது.

அப்புறம் தூள் எதற்கு? உதட்டுப் பக்கத்துக்காக. முன்பல்லுக்கு முன்னால் இருக்கும் எலும்புச் சுவர் பெரும்பாலோருக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் போனதும் அது கரையத் தொடங்கும். உடனே திருகு வைத்தால் கரையாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. சுவர் கரைந்தால் ஈறும் உள்வாங்கும், சிரிக்கும்போது அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரியும். திருகுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தூளை நிரப்பினால் அந்தப் பள்ளம் குறையும். இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் இருந்து சுவரும் முழுதாக இருந்தால், உறைந்த ரத்தமே மெல்ல எலும்பாகிவிடும். ஆனாலும் முன்பல் என்றால் நான் தூள் போடுகிற பக்கம்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். வேர் பிளந்து இரண்டு மாதம் ஆகிறது. பிளவு வழியாகக் கிருமி புகுந்து உதட்டுப் பக்கச் சுவரையே அரித்திருக்கலாம். அப்படியிருந்தால் பல்லை எடுத்துவிட்டு, ஈறு ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து வைப்பதே நல்லது. அவசரப்பட வேண்டாம். 1965ல் ஸ்வீடனில், இந்த டைட்டானியம் முறையைத் தொடங்கிய மருத்துவர் பிரோனேமார்க் முதல் நோயாளிக்கு வைத்தபோதுகூட, திருகுகளை ஈறுக்குள் மூடி மாதக்கணக்கில் காத்திருந்துதான் பல் பொருத்தினார்.

ஆடிவிடுமோ என்று கவலைப்பட வேண்டிய நேரம் எது தெரியுமா? திருகு வைத்த மூன்றாவது வாரம். முதலில் பிடித்திருந்த எலும்பை உடம்பு கொஞ்சம் கரைக்கும், புது எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. என்னிடம் வந்த ஒரு பேருந்து நடத்துநருக்கு அன்றே தற்காலிகப் பல் வைத்தேன், திருகு அருமையாக இறுகியிருந்தது. இருபதாவது நாள் பொங்கல். கரும்பைக் கடித்துவிட்டார். மறுநாள் வந்தபோது விரலால் தொட்டதும் திருகு சுழன்றது. எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வைத்தோம். இன்றுவரை நன்றாக இருக்கிறது. அன்று முதல் கடிக்கக்கூடாத நாட்களைத் தேதி போட்டு அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன்.

தூள் போடுவதென்று முடிவானால், எதில் செய்தது என்று கேளுங்கள். பதப்படுத்திய மாட்டு எலும்புதான் அதிகம் புழங்குகிறது. வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் வகையும் உண்டு.

இப்போதைக்கு அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சிபிசிடி ஸ்கேன் (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுங்கள். பக்கவாட்டுக் குறுக்குவெட்டுப் படத்தை இரண்டு மருத்துவர்களிடமும் காட்டி, உதட்டுப் பக்கச் சுவர் இருக்கிறதா, நுனிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.