கொலைக் கதை எழுதும் மகளுக்கு எந்தப் பட்டப்படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் பேய்க்கதையும் கொலைக்கதையும் எழுதிப் பிழைக்கப் போவதாகச் சொல்வதையும், அவளுடைய நோட்டில் ஒரு பிணக்கூறாய்வுக் காட்சியைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்ததையும் எழுதியிருந்தீர்கள். கதையில் இருப்பதைக் கொண்டு அவள் மனநிலையை அளக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தோழிகளோடு பழகுகிறாளா என்று பாருங்கள். அவற்றில் மாற்றம் தெரிந்தால் மட்டும் மனநல மருத்துவரை நாடுங்கள். கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது சோற்றைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் பி. டி. ஜேம்ஸ் என்ற குற்றப் புனைவெழுத்தாளர் இருந்தார். 1920இல் பிறந்து 16 வயதில் பள்ளியை விட்டவர். போருக்குச் சென்ற கணவர் மனநலம் குன்றித் திரும்பியதால், இரண்டு பெண் குழந்தைகளோடு குடும்பப் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 1949 முதல் லண்டனில் மருத்துவமனை நிர்வாகத்தில் பணிபுரிந்துகொண்டே, அலுவலகம் புறப்படும் முன் விடியற்காலையில் எழுதினார். முதல் நாவல் 1962இல்தான் வெளிவந்தது. 1968இல் உள்துறை அமைச்சகத்துக்கு மாறி, காவல், தடய அறிவியல், குற்றவியல் கொள்கை தொடர்பான பணிகளில் இருந்து 1979இல் ஓய்வுபெற்றார். 1971இல் வெளிவந்த அவருடைய நாவலில் கொலை நடப்பது செவிலியர் பயிற்சிப் பள்ளியில். 1977இல் வெளிவந்ததில் தடய அறிவியல் ஆய்வகத்தில். வேலை அவருக்குச் சம்பளத்தோடு கதைக்களத்தையும் கொடுத்தது. நம் சுஜாதாவும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் நிரந்தர வருமானம் தரும் எந்த வேலையும் எழுத்துக்குத் தோதாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1970இல் பட்டம் பெற்று, சலவை ஆலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, 1971இல் பள்ளி ஆசிரியரானார். எழுதுவது தமக்கு முதன்முறையாகக் கடினமானது அந்த ஆசிரியப் பணியில்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். பெண்பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் ஏற்றது என்று என்னிடம் வரும் பெற்றோருக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். பெரும்பாலும் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

எனவே பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளை முன்வையுங்கள்: அதைப் படித்தபின் கிடைக்கும் வேலை நாளில் ஒரு மணி நேரத்தையாவது மிச்சம் வைக்குமா, அவள் எழுத விரும்பும் உலகத்துக்குள் அவளை அழைத்துச் செல்லுமா? மகள் அறிவியல் பிரிவில் படிப்பதால் தடய அறிவியலைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். குஜராத் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே இயங்குகிறது. உளவியல் இன்னொரு வழி. என் விருப்பம் கேட்டால் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பைச் சொல்வேன். முதல் தகவல் அறிக்கை முதல் தீர்ப்பு வரை ஒரு குற்றம் எப்படிக் காகிதமாகிறது என்பதை அங்கே கற்கலாம். எழுத்தில் காசு வராத ஆண்டுகளிலும் வழக்கறிஞர் தொழில் கைகொடுக்கும். ஆங்கில இலக்கியம் படித்தால்தான் எழுத்தாளர் ஆகலாம் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலும். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

எழுத்தில் வரும் பணம் மாதச் சம்பளம்போல் வராது. கிங்கின் முதல் நாவலுக்குப் பதிப்பகம் தந்த முன்பணம் 2,500 டாலர். 1973இல் அதன் மலிவுப் பதிப்பு உரிமை 4,00,000 டாலருக்கு விலைபோனது; ஒப்பந்தப்படி பாதி பதிப்பகத்துக்கு, பாதி அவருக்கு. அந்தப் பாதியை அவருக்கு வாங்கித் தந்தது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதிதான். நம் நாட்டில், படைப்பின் உரிமையை இன்னொருவருக்கு எழுதித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. காலத்தை வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்த வரம்பு துணைக்கு வராது. ஆகவே 'சகல உரிமைகளும் நிரந்தரமாக' என்ற தொடர் கண்ணில் பட்டால் அங்கே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

போட்டி ஒன்றில் வென்ற கதைக்காக ஒரு செயலி நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகளுக்கு இன்னும் 18 வயது நிரம்பாததால் அவள் கையெழுத்து சட்டப்படி செல்லாது. பாதுகாவலர் என்ற முறையில் உங்களைத்தான் கையெழுத்திடச் சொல்வார்கள். அதற்கு முன் அந்தத் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.